அப்பா பழம் தின்கிற படம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களுக்குப் பழமொழி. ஆரல்வாய்மொழியில் அது வெறும் தகவல். ஜல்லி நிறைத்த ஒரு சிமெண்ட் பையை ட்ரைபாட்டின் நடுவில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அன்றைக்குக் கேமரா ஆடாமல் நின்றது.

மகேஷ்குமார் சார், உங்கள் ஒளிப்படக் குழு என் படத்தை இந்த மாதத்தின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. வழக்கம்போலப் படம் பிறந்த கதையை முந்நூறு சொல்லில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். முந்நூறில் அடங்காது. தவிர, நடுவர் குறிப்பில் எனக்கு ஒரு திருத்தமும் இருக்கிறது. 'வெண்ணிற வேட்டி காற்றில் படபடக்க, பின்னால் காற்றாலைகள் சுழல, வாய் நிறையப் பழத்தோடு மகனை நோக்கும் முதியவரின் கண்ணில் துளிர்க்கும் ஆனந்தக் கண்ணீர்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேட்டி, காற்றாலை, பழம் மூன்றும் சரி. மற்றவை சரியில்லை. நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். பாட்டிலுக்குள் ஒன்றும் வெளியே ஒட்டிய சீட்டில் வேறொன்றும் இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

என் பெயர் வினோஜ் என்பது உங்களுக்குத் தெரியும். தோவாளைக்குப் பக்கத்தில் வீடு. வீட்டில் அப்பா முத்துநாயகம், என் மனைவி ஷிஜி, நான். அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. அக்கா ஓமனா சவூதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அத்தானும் அங்கேதான். எனக்கும் ஷிஜிக்கும் பிள்ளை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன்பே 'விசேஷம் உண்டா' என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு, நாங்கள் கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்கோ கடலுக்கோ போவோம். மலையும் கடலும் விசேஷம் உண்டா என்று கேட்பதில்லை.

அப்பா கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். நான் கார் ஓட்டினால் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு அவரும் ஓட்டுவார். "கிளச்சுல இருந்து கால எடு மக்கா, அது ஒனக்கு மெத்தையா?" என்பார். வளைவு வந்தால் எனக்கு முன்பே அவர் கால் பிரேக்கை மிதிக்கும். அங்கே பிரேக் கிடையாது.

'ஞாயிறு உலா' என்ற என் பக்கத்தில் முதலில் அருவி, மேகம், பாறை என்றுதான் போட்டுவந்தேன். நாற்பது பேருக்குப் பிடிக்கும், அதில் பாதி சொந்தக்காரர்கள். ஒருநாள் இனயத்துக் கடற்கரையில், மீன் விற்கிற அம்மாவின் கூடைக்குள் அப்பா குனிந்து எட்டிப்பார்ப்பதை விளையாட்டாக எடுத்துப் போட்டேன். இரண்டாயிரம் பேர் விரும்பினார்கள். அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் அப்பாதான். வெள்ளை வேட்டி, தோளில் ஈரிழைத் துண்டு, காது மடலில் வளர்ந்த முடி. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் 'நம்ம அப்பா' என்று எழுதினார்கள். எங்கேயாவது போனால் ஆட்கள் வந்து அப்பாவோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் கைகொடுத்து, இப்படி ஒரு மகன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சொல் எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு அது வேண்டியிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவும் அந்தப் படங்களில்தான் அப்பாவைப் பார்த்து வந்தாள். அப்பாவுக்கு வீடியோ கால் ஒத்துவராது. போனைக் கையில் கொடுத்தால் நேரே காதில் வைத்துக்கொள்வார். முகத்துக்கு முன்னால் பிடியுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும், 'அப்பம் கேக்க வேண்டாமா' என்று திரும்பவும் காதுக்கே கொண்டுபோவார். பல வருடமாக அக்கா அப்பாவின் காதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காகக் காத்திருப்பாள். கேமராவை எனக்கு வாங்கி அனுப்பியதும் அவள்தான்.

சித்திரைக் கடைசி ஞாயிறு காலையில் புறப்படத் தயாராகி, வாசலில் நின்று செருப்பைப் போட முயன்றார் அப்பா. கால் செருப்புக்குள் போகவில்லை. "என்னப்பா" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார், வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. விழுங்குவதும் போய்விட்டதால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு டியூப் விட்டு, அது நழுவாமல் மூக்கின்மேல் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு விடும்போது அந்த வார்டு நர்ஸ் என்னையும் ஷிஜியையும் சேர்த்து நிறுத்திவைத்துச் சொன்னாள்: "வாய் வழியா ஒண்ணும் குடுக்கப்பிடாது. ஒரு சொட்டு வெள்ளம்கூட. மூச்சுக்குழல்ல போச்சுன்னா ஆளு போயிரும். தெரிஞ்சுதா?" தெரிந்தது என்று நான்தான் முதலில் தலையாட்டினேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. இது என் ஒருவனின் முடிவு இல்லை. கடல் தாண்டி இருப்பவர்களுக்கு எங்கள் பக்கம் கெட்ட செய்தி சொல்வதில்லை. அம்மா இறந்தபோதும் அக்காவிடம் கொஞ்சம் சீரியஸ் என்றுதான் சொன்னோம். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வந்த கார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் நேரே வீட்டுக்குப் போனதைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். இப்போது அவளை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். ஆவணி வரைக்கும் சோதனைக் காலம், இடையில் லீவு போட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பாவின் தங்கை பேபி அத்தைதான் சொன்னாள்: "அங்க கெடக்க பிள்ளைட்ட சொல்லி, அவளுக்க சோத்துல மண்ணள்ளிப் போடணுமா? சோலி ஒறைச்சு நெலையாவட்டு. பொறவு சொல்லுவோம்." கூடியிருந்த எல்லோரும் அதுவே சரி என்றார்கள். ஷிஜி மட்டும் எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் படம் போடுவதை நிறுத்தியிருக்கலாம். படம் போடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த ஞாயிறும், வீட்டுக்கு வந்த பிறகான முதல் ஞாயிறும் ஒன்றும் போடாமல்தான் இருந்தேன். 'அப்பா எங்கே', 'அப்பாவைக் காணோமே' என்று அறுபது பேர் கேட்டிருந்தார்கள். அக்காவும் கேட்டிருந்தாள். திங்கள்கிழமை மாலை, மாசியில், ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் எடுத்த ஒரு படத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு உலாவிலும் முந்நூறு படமாவது எடுப்பேன், போடுவது ஒன்றுதான். மீதி எல்லாம் கணினியில் இருந்தது. அந்த மாலை ஷிஜி அப்பாவின் தலையைத் தூக்கிவைத்து, டியூபில் சிரிஞ்சைச் செருகி, அரைத்த கஞ்சியை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, 'அப்பா நல்லா இருக்காங்க, உங்க அன்புக்கு நன்றி' என்று ஒவ்வொருவருக்காகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஷிஜி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு மைனி வந்து கேட்டா என்ன சொல்லுவிய?" என்றாள். அக்காவைத்தான் அவள் மைனி என்பாள்.

"அவளுக்காகத்தான் போடுகேன்" என்றேன்.

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. ஒரு பாதியை மட்டும் சொன்னால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா கேட்டார். பேச்சு இல்லாவிட்டாலும் கேட்டார், அதை மறைக்க மாட்டேன். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அக்காவின் கல்யாணப் படம் இருக்கிறது. இடது கையால் அதைக் காட்டுவார், பிறகு என் போனைக் காட்டுவார். ஒருநாள் என் விரலைப் பிடித்துக்கொண்டு போய்ப் போனின்மேல் வைத்து அழுத்தினார். "அக்கா டூட்டியில இருக்கா அப்பா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஒரு பத்துநாள் போல அது நடந்தது. பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்குப் புரியாமல் போயிற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். புரிந்தது. அந்தப் பத்துநாளில் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, போனை அவர் காதில் வைத்திருந்தால் போதும். அந்தக் காதுதான் நன்றாக இருந்ததே.

அப்பாவிடம் போனைக் கொடு என்று அக்கா கேட்கும்போதெல்லாம் தூங்குகிறார், குளிக்கிறார் என்று சொல்லி ஓட்டிவந்தேன். பிடிபட்டது என் பிசகால்தான். ஆடி முதல் ஞாயிறு, கணினியில் மிச்சமிருந்தவற்றில் நல்லது என்று, தை மாதம் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் அடியில் எடுத்த படத்தைப் போட்டேன். அப்பா கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்க்கிற படம். அழகான படம். அரைமணி நேரத்தில் அக்காவின் குரல்பதிவு வந்தது.

"லே மக்கா, ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில அப்பாக்க வேட்டி இஸ்திரி போட்டு நிறுத்துன மாதிரில்லா நிக்கி. பள்ளிக்கூடம் போவும்ப பாவாடைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நான் நடந்த ரோடாக்கும் அது. ஒனக்கு ஆருலே காத்த நிறுத்தித் தந்தா?"

சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தாள். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"அப்பாவுக்கு என்னமோ இருக்கு. நீ எனக்கிட்ட மறைக்க. புதன்கிழமைக்குள்ள அப்பாக்க மூஞ்சிய நேரா காட்டு. இண்ணைக்கு எடுத்த படமா இருக்கணும். நான் நர்ஸாக்கும், ஒரு படம் போதும் எனக்கு. இல்லேன்னா லீவு எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன். சோலி போனா போட்டு."

சார், அந்த இடத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கலாம். 'வா அக்கா' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வந்திருப்பாள். அப்பா அவளைப் பார்த்திருப்பார். என் பக்கத்தில் இத்தனை வாரமாக நான் போட்டதெல்லாம் பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், அவள் வழியாக ஊருக்கும் தெரிந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன். 'அவள் வேலை போய்விடுமே' என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். நல்ல காரணம் கைவசம் இருக்கும்போது உண்மையான காரணத்தை யாரும் தேடிப் போவதில்லை.

ஆய்வகத்தில் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்வதுபோலத்தான் யோசித்தேன். டியூப் தெரியக்கூடாது, எடுத்துவிடலாம். பிளாஸ்திரி ஒட்டிய இடம் வெளுத்திருக்கும், கணினியில் இரண்டு நிமிட வேலை. வலது கையைத் துண்டுக்குள் மறைக்கலாம். வேட்டி பறக்க வேண்டும், அதற்கு ஆரல்வாய்மொழியைவிட நல்ல இடம் இல்லை. மிச்சமிருந்தது வாய்க்கோணல். நேராகக் காட்டு என்கிறாள். ஒரு பக்கம் தொங்கும் வாயை நர்ஸின் கண்ணிலிருந்து எப்படி மறைப்பது என்று ஞாயிறு முழுக்க யோசித்தேன். கன்னத்தில் எதையாவது அடக்கியிருப்பவர்களின் வாய் எப்படியும் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு மட்டிப்பழம் உயிர். எங்கே போனாலும் காரில் ஒரு சீப்பு இருக்கும். பழம் தின்கிற முகத்தில் யாரும் கோணலைத் தேட மாட்டார்கள். அக்காவும் மாட்டாள். டியூப் உள்ள ஆள் பழம் தின்ன முடியாது என்பதுதான் அவளுக்கு முதலில் தெரிந்த விஷயம். ஒரே பழத்தில் இரண்டு வேலை முடிந்துவிடும் என்று எனக்கு உண்மையிலேயே ஒரு சந்தோஷம் வந்தது.

செவ்வாய்க்கிழமை. ஆடிச் செவ்வாயில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஔவையாரம்மன் கோவிலுக்குப் போய்க் கொழுக்கட்டை அவித்துப் படைப்பார்கள். அந்த வருடம் ஷிஜி போவதாக இல்லை. "அப்பாவ ஆரு பாப்பா?" என்றாள். பிள்ளை வரம் கேட்டாவது போய்விட்டு வா, நான் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பேச்சை எடுத்தால் அவள் போவாள் என்று எனக்குத் தெரியும். விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களோடு போனாள்.

டியூபை எடுப்பது கஷ்டமாக இல்லை. கிளினிக்கில் மாற்றும்போது பார்த்திருக்கிறேன். அப்பா இரண்டு தடவை தும்மினார், பிறகு இடது கையால் மூக்கைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, நல்ல காரியம்தான் செய்கிறோம் என்று நினைத்தேன். முகம் மழித்துவிட்டேன். பவுடர் போட்டேன். சலவை வேட்டி கட்டி, துண்டைப் போட்டு, தூக்கிக் காரில் முன் இருக்கையில் வைத்தேன். பத்து வாரத்தில் பாதியாகிப் போயிருந்தார். வண்டி நகர்ந்ததும் இடது கால் அடியில் எதையோ தேடி மிதித்தது.

ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டோம். காற்றாலைகளுக்குப் போகிற மண்பாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சரிந்துவிடாமல் இடுப்பை ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தேன், வேட்டி பறப்பதில் அது தெரியாது. பழத்தை உரித்து, பாதியைப் பிட்டு, நல்ல பக்கமாகப் பார்த்துக் கன்னத்தில் வைத்தேன். மீதியை இடது கையில் கொடுத்தேன். எழுபது நாள் கழித்து நாக்கில் ருசி படுகிறது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மெல்லத் தொடங்கினார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அது அவ்வளவு சந்தோஷமான முகம்.

நான் கேமராவுக்குத் திரும்பினேன். அவர் லென்ஸைப் பார்க்கவில்லை, ரோட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, இங்க பாருங்க" என்று பலதடவை கூப்பிட்டேன். பிறகு வேறொன்று சொன்னேன். அவர் உடனே பார்த்தார். அதன்பின் பதினோரு படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் கேமரா நேரத்தைக் குறித்துவைக்கும். முதல் படம் ஏழு மணி இருபத்திரண்டு நிமிடம் பதினான்கு விநாடி. பதினோராவது படம் ஐம்பத்திரண்டு விநாடி. இடையில் முப்பத்தெட்டு விநாடி.

முதல் மூன்று படங்களில் மெல்லுகிறார். நான்காவதில் கழுத்து முன்னால் வருகிறது. ஐந்தாவதில் இருமல் வர வேண்டும், வரவில்லை, வாதம் இருமலையும் எடுத்துவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆறு, ஏழில் கண்கள் விரிகின்றன. எட்டில் நிறைகின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்தது ஒன்பதாவது படம். கண்ணீர் சரியாக இமை விளிம்பில் நிற்கிறது, வெயில் பக்கவாட்டில் அதில் படுகிறது. வியூஃபைண்டரில் அதைப் பார்த்தேன் சார். எல்லோரையும்விட அருகில், பெரிதாக்கிப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வார்டு நர்ஸ் சொன்னதற்குத் தலையாட்டியவன் நான். ஆனால் அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் அதற்கு முன் விழுந்ததில்லை. ஒன்பதாவதற்குப் பிறகும் இரண்டு எடுத்தேன். அதன்பிறகுதான் ஓடினேன்.

குனியவைத்து முதுகில் தட்டினேன். கொஞ்சம் வெளியே வந்தது. மூச்சு திரும்பிற்று, அடியில் கொதிக்கிற சத்தத்தோடு. கிளினிக்குக் கொண்டுபோய், டியூபை அவரே பிடுங்கிவிட்டார் என்று சொன்னேன். நோயாளிகள் அப்படிச் செய்வது உண்டு, யாரும் சந்தேகப்படவில்லை. "சும்மா இருக்கமாட்டீரா பெரியவரே" என்று சிரித்துக்கொண்டே வேறு டியூப் போட்டுவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். அவரால் மறுக்க முடியாது.

ஷிஜி கோவிலில் இருந்து கொழுக்கட்டையோடு வந்தாள். அப்பாவின் மழித்த முகத்தைப் பார்த்தாள், சலவை வேட்டியைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"நீங்க அவருக்கு என்ன குடுத்திய?"

"ஒண்ணும் குடுக்கல்ல" என்றேன்.

பிளாஸ்திரித் தடத்தை அழித்துவிட்டு, 'இன்று காலை, ஆரல்வாய்மொழி' என்று எழுதி மாலையில் படத்தைப் போட்டேன். அக்கா உடனே பேசினாள். அழுதாள். "அப்பாவப் பாத்தாச்சுலே. இப்பம்தான் மனசு ஆறிச்சு. பழம் தின்னுகிறத பாத்தியா, பிள்ள மாதிரி. நான் கிறுக்கி, வீணா ஒன்னைய சந்தேகப்பட்டேன். எழுதிவச்ச லீவக் கிழிச்சுப் போட்டுட்டேன், கேட்டியா?" என்றாள்.

புதன்கிழமை காய்ச்சல். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துவிட்டு, நுரையீரலில் உணவு போயிருக்கிறது என்றார்கள். ஞாயிறு மத்தியானம் அப்பா இறந்தார். அக்காவைக் கூப்பிட்டு, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ் என்றேன்.  "அம்மைக்கும் இப்பிடித்தாம்லே சொன்ன" என்றாள்.

திங்கள்கிழமை வந்தாள். ஐஸ் பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். வாதம் வந்ததை, அவளிடம் மறைத்ததை எல்லாம் பேபி அத்தை சொல்லி அழுதாள். அக்கா எழுந்து வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எனக்காகத்தானே மக்கா. ஒத்தைக்குக் கெடந்து கஷ்டப்பட்டிருக்க" என்றாள். பிறகு அந்தப் படம் எப்போது எடுத்தது என்று கேட்டாள். போன ஆடியில் எடுத்தது, உன்னைச் சமாதானப்படுத்தப் போட்டேன் என்றேன். அவள் நம்பினாள். "அதான். டியூப் உள்ள ஆளுக்கு எவனாவது பழம் குடுப்பானா?" என்று அவளே சொன்னாள்.

பதினாறு முடிந்த மறுநாள் ஷிஜி தன் அம்மா வீட்டுக்குப் போனாள். இதுவரை வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு வாங்கிக்கொண்டு போய், அங்கே தன் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறாள். காலையில் கண்ணை விழிப்பது அப்பாவின் முகத்தில்தான் என்று சொன்னாள். அவளும் உங்கள் குழுவில் இருக்கிறாள் சார். நேரில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீங்கள் இதை வெளியிட்டால் படித்துக்கொள்வாள்.

அப்பாவைக் கொண்டுபோனது வாதம் இல்லை. நான்தான் கொன்றேன். 'ஆனந்தக் கண்ணீர்' என்பதில் முதல் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். 'மகனை நோக்கும்' என்பதும் தவறு, அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்படி மழித்து, பவுடர் போட்டு, சலவை வேட்டி கட்டி நாங்கள் அவரைக் கொண்டுபோவது, விமான நிலையத்துக்கு அக்காவைக் கூப்பிடப் போகும்போது மட்டும்தான். அன்று காலை முழுக்க அவர் ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது அதனால்தான். அவரை லென்ஸ் பக்கம் திருப்ப, "அந்தா பாருங்க அப்பா, எனக்குப் பின்னால அக்கா வாறா" என்றேன். மூச்சு அடைத்த பிறகும் அந்தக் கண் அங்கிருந்து நகரவில்லை, பதினோரு படத்திலும் பார்க்கலாம். வராதவளை அவர் பார்த்திருக்க முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த முகத்தை நான்தான் கிட்டத்தில் பார்த்தேன் சார். அப்பா கடைசியில் மகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த அளவுக்காவது ஒரு மகனாக நான் செய்திருக்கிறேன்.